காளானும் சுண்ணாம்பும்: இரண்டு அங்குல மண்ணின் கதை

காளான் வளர்ப்பு என்றதும் நம்மூரில் வைக்கோல், பாலிதீன் பை, இருட்டுக் கொட்டகை இந்த மூன்றும்தான் நினைவுக்கு வரும். சுண்ணாம்பு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் ஹோட்டல்களில் 'மஷ்ரூம் மசாலா' என்று வருகிறதே, அந்த வெள்ளை மொட்டுக் காளானின் (பட்டன் மஷ்ரூம்) முந்நூறு வருட வரலாற்றைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் சுண்ணாம்புதான் கையில் ஒட்டுகிறது. அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் இன்னொரு வேடிக்கை. பெரும்பாலும் அது வேறு ஏதோ ஒரு தொழிலின் குப்பையாக இருக்கிறது!

முதலில் அடிப்படை விஷயம். சிப்பிக் காளானுக்கு மேலே மண் எதுவும் போட வேண்டாம். பையில் ஓட்டை போட்டால் தானாக வெளியே எட்டிப் பார்க்கும். மொட்டுக் காளான் அப்படி அல்ல. குதிரைச் சாணமும் வைக்கோலும் மக்கிய உரத்தில் (கம்போஸ்ட்) காளான் விதையைப் போட்டால், வெள்ளைப் பூசண இழை நன்றாகப் படர்ந்துவிடும். ஆனால் காளான் வராது. வந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். உரத்தின் மேல் நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரமான மண்ணைப் பரப்ப வேண்டும். இதற்குத்தான் 'கேசிங்' என்று பெயர். இழை அந்த மண்ணுக்குள் ஏறி, மேல்பரப்பை எட்டும் நேரத்தில் அறையின் சூட்டைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டினால் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் கட்டும். அந்த மொட்டுதான் காளான்.

இந்த மேல்மண்ணில் சத்து அதிகம் இருக்கக் கூடாது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், காற்றும் போக வேண்டும், புளிப்பும் இருக்கக் கூடாது. பி.எச். அளவு 7-க்குக் கொஞ்சம் மேலே, ஏறக்குறைய 7.5 இருந்தால் நல்லது. இந்தக் கடைசி நிபந்தனைக்காகத்தான் சுண்ணாம்பு.

எந்தச் சுண்ணாம்பு? அங்கேதான் சிக்கல். தமிழில் சுண்ணாம்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சரக்கு இருக்கிறது. பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் (கால்சியம் கார்பனேட்), அதைச் சூளையில் சுட்டால் கிடைக்கும் சுட்ட சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு), அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து வரும் நீர்த்த சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு). வெற்றிலைக்குத் தடவுவதும் சுவருக்கு அடிப்பதும் இந்தக் கடைசி வகை. காளானுக்கு முதல் வகைதான் ஏற்றது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. புளிப்பு இருந்தால் மட்டும் கரைந்து அதை முறிக்கும். புளிப்பு தீர்ந்ததும் பேசாமல் கிடக்கும். கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டாலும் பி.எச். எட்டைச் சுற்றியே நிற்கும். நீர்த்த சுண்ணாம்பு அப்படி இல்லை. அதன் பி.எச். 12-ஐத் தாண்டும். கை தவறி அதிகம் விழுந்தால் இழை பொசுங்கிவிடும்.

நாலாவதாக ஜிப்சம் ஒன்று இருக்கிறது. வெள்ளையாக இருக்கிறது, தூளாக இருக்கிறது, கால்சியமும் இருக்கிறது. ஆனால் அது கால்சியம் சல்பேட். புளிப்பை முறிக்கும் வேலை அதற்குத் தெரியவே தெரியாது. கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் பல இடங்களில் இந்த ஜிப்சத்தைச் சுட்டு எடுத்த பிளாஸ்டர் ஆஃப் பாரீஸில்தான் வார்க்கப்படுகிறது. 'சாக் பவுடர் போடு' என்று யாராவது சொன்னதைக் கேட்டு உடைந்த சாக்பீஸ்களை இடித்துப் போட்டால், மண்ணின் புளிப்பு அப்படியே இருக்கும். பெயரை நம்பிச் சரக்கு வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

கதை பாரீஸில் தொடங்குகிறது. 1600-இல் ஒலிவியே த சேர் எழுதிய வேளாண்மை நூலிலேயே காளான் பாத்தி பற்றிய குறிப்பு உண்டு. பதினான்காம் லூயி மன்னனின் காய்கறித் தோட்டத்தைக் கவனித்த லா கேந்தினி அரண்மனைச் சாப்பாட்டு மேசைக்குக் காளான் வளர்த்தார். 1707-இல் தூர்னஃபோர் என்ற தாவரவியலாளர் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் பாரீஸ் தோட்டக்காரர்களின் முறையை விவரித்தார். குதிரைச் சாணத்தை வரப்பு போல் குவிப்பது, வெள்ளை இழை படர்ந்த சாணக் கட்டியை அதில் செருகுவது, மேலே மண் போடுவது என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆக, மேல்மண் அப்போதே உண்டு. எதற்காக மண் போடுகிறோம் என்று அந்தத் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. போட்டால் வருகிறது, போடாவிட்டால் வரவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

சுண்ணாம்பு உள்ளே நுழைந்தது பூமிக்கு அடியில். பாரீஸ் நகரத்தின் பழைய கட்டடங்கள் எழுந்தது நகரத்தின் அடியிலேயே வெட்டி எடுத்த சுண்ணாம்புக்கல்லால். நூற்றாண்டுக் கணக்கில் கல்லை எடுத்துக்கொண்டே போனதில் நகரமே ஓட்டை விழுந்த பலகாரம் மாதிரி ஆகிவிட்டது. 1774-இல் ஒரு தெரு அப்படியே உள்ளே இறங்கியது. அதன்பிறகு 1777-இல் சுரங்கங்களைக் கண்காணிக்கத் தனி அலுவலகமே அமைத்தார்கள். 1786 முதல், நிரம்பி வழிந்த கல்லறைகளின் எலும்புகளைக் கொண்டுபோய் இந்தச் சுரங்கங்களின் ஒரு பகுதியில் அடுக்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் 'காட்டகோம்ப்' அதுதான்.

எலும்புக்குப் பயன்பட்ட சுரங்கம் காளானுக்கும் பயன்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டக்காரர்கள் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் பாத்தி போடத் தொடங்கினார்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் உள்ளே ஒரே சூடு, எப்போதும் ஈரம். வெளியே தோட்டத்தில் சில மாதம் மட்டுமே கிடைத்த காளான், உள்ளே வருடம் முழுக்கக் கிடைத்தது. மேலே ஓடும் நகரத்தில் வண்டி இழுக்கும் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் சாணத்துக்கும் பஞ்சம் இல்லை.

மேல்மண்ணுக்கு? வெளியிலிருந்து மண்ணைச் சுமந்துகொண்டு வருவது வீண் செலவு. காலடியிலேயே கல்வெட்டிகள் விட்டுப்போன கல்தூளும் சில்லும் குவிந்து கிடந்தன. அதைச் சலித்து, கொஞ்சம் மண்ணோடு சேர்த்து, தண்ணீர் தெளித்து பாத்தி மேல் பூசினார்கள். 1860-களின் கடைசியில் வில்லியம் ராபின்சன் என்ற தோட்டக்கலை எழுத்தாளர் (பிறப்பால் ஐரிஷ்காரர்) பாரீஸ் பக்கத்து மோன்ருழ் சுரங்கங்களுக்குள் இறங்கிப் பார்த்து எழுதினார். 1870-இல் காளான் வளர்ப்புக்கென்றே அவர் தனிப் புத்தகம் வெளியிட்டார். கிணறு போன்ற வாய், அதில் ஒரு மரக்கம்பத்தில் குச்சிகளைச் செருகிச் செய்த ஏணி, உள்ளே விளக்கு வெளிச்சத்தில் வெளிறிய கல்தூள் பூசிய நீள நீளமான வரப்புகள்... அவர் காட்டும் காட்சி அது. பிரெஞ்சு மொழியில் கேசிங்குக்கு இன்றைக்கும் 'கொப்த்தாழ்' என்றுதான் பெயர். அது கொத்தனார் பாஷைச் சொல். சுவருக்கு முதல் பூச்சு அடிப்பதைக் குறிப்பது. கல்வெட்டியின் குப்பையைக் கொத்தனாரின் சொல்லோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள் போலும்.

கொஞ்சம் நின்று யோசித்தால், இது பெரிய அதிர்ஷ்டம் என்று புரியும். அந்தக் கல் கருங்கல்லாகவோ மணற்கல்லாகவோ இருந்திருந்தால் தூள் இருந்திருக்கும், புளிப்பை முறிக்கும் குணம் இருந்திருக்காது. பாரீஸ் காளான்காரர்கள் கால்சியம் கார்பனேட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் நின்ற இடமே கால்சியம் கார்பனேட்டாக இருந்தது.

நகரம் வளர வளர பாரீஸ் சுரங்கங்களில் இடம் சுருங்கியது. தொழில் லுவார் ஆற்றங்கரையில் உள்ள சோமூர் பக்கம் நகர்ந்தது. அங்கேயும் அதே கதைதான். லுவார் கரையின் புகழ்பெற்ற அரண்மனைகள் 'தூஃபோ' என்ற மெதுவான வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டவை. கல் எடுத்த குகைகள் மிஞ்சின. அங்கே காளான் ஏறியது. இடித்த தூஃபோ தூள்தான் மேல்மண். பிறகு அதோடு பீட் மண்ணும் சேர்ந்தது. அந்தக் குகைகளில் ஒன்றில் இப்போது காளான் அருங்காட்சியகமே இருக்கிறது.

இதுவரை எல்லாம் கைப்பழக்கம். அறிவியல் பின்னால் மெதுவாக வந்தது. 1890-களில் பாரீஸில் கோஸ்தாந்தென், மாத்ருஷோ இருவரும் சுத்தமான காளான் விதையை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து கென்னட் ஸ்கொயர் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பூ வளர்ப்பவர்கள் கண்ணாடிக் கொட்டகையின் பலகைகளுக்குக் கீழே காளான் போடத் தொடங்கி, அந்த ஊரே காளான் ஊராகிவிட்டது. அங்கே சுரங்கம் கிடையாது, எனவே இலவசக் கல்தூளும் கிடையாது. வயல் மண்ணை வாரி வந்து, இடித்த சுண்ணாம்புக்கல் கலந்து போட்டார்கள். நல்ல மேல்மண்ணை வாரினால் வயல் பாழ். கூடவே வயலின் புழுவும் நோயும் கொட்டகைக்குள் வந்துவிடும். அதனால் மண்ணை நீராவியில் வேகவைக்க வேண்டிய செலவு வேறு.

1930-களில் கால்சியம் பற்றி முதல்முறையாகத் தெளிவான ஒரு பதில் கிடைத்தது. ஆனால் அது மேல்மண்ணைப் பற்றியதல்ல, கீழே இருக்கும் உரத்தைப் பற்றியது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வை வேளாண் கல்லூரியில் பைசர் என்ற வேதியியலாளர் 1937-லும், தாம்சனோடு சேர்ந்து 1938-லும் ஆய்வுகளை வெளியிட்டார். மக்கிய உரம் சில சமயம் கூழாகி, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அதில் இழை ஓடாது. ஜிப்சம் போட்டால் அந்தக் கூழ்த்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, உரம் பொலபொலவென்று ஆகி, காற்று போக இடம் கிடைக்கிறது என்று அவர் காட்டினார். அதுமுதல் ஜிப்சம் உலகம் முழுக்க காளான் உரத்தின் நிரந்தர உறுப்பினர்.

இந்த இடத்தில்தான் இரண்டு கால்சியமும் பிரிகின்றன. கீழே உரத்துக்கு ஜிப்சம், மேலே மண்ணுக்குச் சுண்ணாம்புக்கல் தூள். கீழே தேவைப்படுவது அமைப்பு, மேலே தேவைப்படுவது புளிப்பை முறிப்பது. இதை மாற்றிப் போடும் தவறு இன்றைக்கும் நடப்பதுதான். இதில் ஒரு விளையாட்டு என்னவென்றால், பிளாஸ்டர் ஆஃப் பாரீஸுக்கு அந்தப் பெயர் வந்ததே பாரீஸின் மோன்மார்த்ர் மேட்டில் வெட்டிய ஜிப்சத்தால். இரண்டு வெள்ளைத் தூளும் ஒரே ஊரின் மண்ணுக்கடியில் இருந்தன. ஒன்றை காளான்காரர்கள் காலடியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். இன்னொன்று எதற்கு என்று சொல்ல கென்ட்டிலிருந்து ஒரு வேதியியலாளர் வர வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்துக் காளான் வளர்ப்போர் சங்கம் 1946-இல் யாக்ஸ்லி என்ற ஊரில் சொந்தமாக ஓர் ஆய்வு நிலையம் தொடங்கியது. அங்கே எட்வர்ட்ஸ், ஃபிளெக் இருவரும் மேல்மண்ணை முறையாகப் பிரித்துப் பார்த்தார்கள். மண்ணுக்குள் எவ்வளவு காற்றிடம் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது, எந்தக் கலவையில் எத்தனை காளான் என்று 1950-களில் அளந்து எழுதினார்கள். வயல் மண்ணை விட்டுவிட்டு பீட்டும் சாக்கும் கலந்த கலவைக்கு இங்கிலாந்து மாறியது அந்தக் காலத்தில்தான்.

பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களில் பாசி வகைச் செடிகள் பல்லாயிரம் வருடம் அரைகுறையாக மக்கிக் கிடக்கும் மண். பஞ்சு மாதிரித் தண்ணீர் குடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் காற்றிடத்தை இழக்காது, நோய்க் கிருமிகளும் குறைவு. மேல்மண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரே குறை, புளிப்பு. பி.எச். நாலு பக்கம் நிற்கும். எலுமிச்சைச் சாறு அளவுக்கு இல்லாவிட்டாலும் தக்காளி அளவுக்குப் புளிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புளிப்பில் காளான் இழை சுணங்கும், பச்சைப் பூசணம் (டிரைக்கோடெர்மா) கொண்டாடும். சுண்ணாம்பு இல்லாமல் பீட் உதவாது. அதிர்ஷ்டவசமாக இங்கிலாந்தின் தென்பகுதி முழுக்கவே சாக் மலைகள். பள்ளிக்கூட சாக்பீஸ் இல்லை. நுண்ணிய கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான அசல் கால்சியம் கார்பனேட்.

சுண்ணாம்பு ஒருமுறை முறித்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. காளான் இழை வளரும்போது ஆக்சாலிக் அமிலத்தைத் தானே வெளியே விடுகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து, இழை மேல் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகமாக ஒட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முள் முளைத்த கயிறு போலத் தெரியும். அறுவடைக்கு அறுவடை மண்ணின் பி.எச். இறங்கிக்கொண்டே வரும். மெதுவாகக் கரையும் சுண்ணாம்புத் தூள் கையிருப்பில் இருந்தால்தான் கடைசி அறுவடைவரை தாங்கும். வங்கியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவு செய்வது மாதிரி. மிக நைசான தூள் உடனே வேலை செய்யும். பருமனான தூள் நாள் கடத்தும். அதனால்தான் வாங்கும்போது தூளின் பருமனையும் கேட்பார்கள். மக்னீசியம் எவ்வளவு என்றும் கேட்பார்கள். டோலமைட் வகைக் கல்லில் மக்னீசியம் அதிகம். காளான்காரர்கள் அதைத் தள்ளியே வைப்பார்கள்.

மண் போட்டால் ஏன் மொட்டு கட்டுகிறது என்ற பழைய கேள்விக்கும் பதில் தேடினார்கள். 1960-களில் ஜெர்மனியின் கெர்லிண்ட் எகர், மண்ணுக்குப் பதில் கரித்தூள் இருந்தாலும் மொட்டு வருவதைக் காட்டினார். 1969-இல் ஹேய்ஸ், ராண்டில், லாஸ்ட் மூவரும் மேல்மண்ணில் வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்களுக்குப் பங்கு உண்டு என்று எழுதினார்கள். பின்னால் 2000-களில் ரால்ஃப் நோபிள் குழு இரண்டையும் முடிச்சுப் போட்டது. காளான் இழையே ஒருவித வாசனைப் பொருளை வெளியிட்டு மொட்டு கட்டுவதைத் தடுக்கிறது. அந்தப் பொருளைப் பாக்டீரியா தின்றாலும், கரி உறிஞ்சினாலும் தடை நீங்குகிறது. அப்படியானால் மேல்மண் என்பது உணவு தரும் மண் அல்ல, நல்ல பாக்டீரியா குடியிருக்கும் வீடு. வீடு புளித்துப்போகாமல் சுண்ணாம்பு பார்த்துக்கொள்கிறது.

மேலே சொன்ன ஹேய்ஸுக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இமாசலப் பிரதேசத்தின் சோலன் நகரில் 1961-இல் மொட்டுக் காளான் திட்டம் தொடங்கியது. 1970-களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நிபுணராக அங்கே வந்து உரம் தயாரிக்கும் முறையைச் சீர்படுத்தியவர்களில் ஹேய்ஸும் ஒருவர். இந்தியாவில் இங்கிலாந்து போல் பீட் கிடைக்காது. அதனால் மக்கிய தொழு உரம், தோட்ட மண், பழைய காளான் உரம், தென்னை நார்க்கழிவு என்று கையில் கிடைத்ததை வைத்துக் கலவை செய்தார்கள். தமிழ்நாட்டில் வெப்பத்தைத் தாங்கும் பால் காளானுக்கும் மேல்மண் தேவை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே.2 ரகத்தை வெளியிட்ட பிறகு, வேகவைத்த மண்ணில் கால்சியம் கார்பனேட் கலப்பது நம்மூர்ப் பண்ணைகளிலும் பழக்கமானது.

மறுபடி ஐரோப்பா. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாக்குக்குப் போட்டியாக இன்னொரு சரக்கு வந்தது: சர்க்கரை ஆலைச் சுண்ணாம்பு. ஐரோப்பாவில் சர்க்கரை எடுப்பது பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து. (மேலே சொன்ன பீட் மண் வேறு, இந்த பீட் கிழங்கு வேறு. குழம்ப வேண்டாம்!) கிழங்குச் சாற்றில் சுண்ணாம்புப் பாலைக் கலந்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஊதுவார்கள். கால்சியம் கார்பனேட் திரண்டு, அழுக்கையெல்லாம் பிடித்துக்கொண்டு அடியில் படியும். அதை வடிகட்டி எடுத்தால் சாறு தெளிந்துவிடும். ஆலை இந்தச் சுண்ணாம்பையும் வாயுவையும் ஒரே சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் எடுக்கிறது. கல்லாகப் போனது சுண்ணாம்பாகவும் வாயுவாகவும் பிரிந்து, சாற்றுக்குள் சந்தித்து, மறுபடி கல்லாகவே வெளியே வருகிறது. ஆலைக்கு அது கழிவு. நைசான, ஈரமான, களி மாதிரியான அந்தக் கழிவு பீட்டோடு நன்றாக ஒட்டி, கனமான, தண்ணீர் பிடிக்கும் மேல்மண்ணைத் தந்தது. இங்கிலாந்து, அயர்லாந்து, நெதர்லாந்துக் கலவைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். (நம்மூர்க் கரும்பாலைகளின் பிரஸ்மட் வேறு. இங்கே பெரும்பாலும் கந்தகப் புகை முறை; அந்தக் கழிவை இதற்கு மாற்றாக நினைக்கக் கூடாது.)

வணிகக் கண்ணோடு பார்த்தால், கழிவை மூலப்பொருளாக வாங்குவதில் ஒரு லாபமும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. விலை மலிவு. ஆனால் விற்பவனுக்கு அது முக்கியத் தொழில் இல்லை. அவன் தன் தொழிலை மூடும்போது காளான்காரனைக் கேட்டுக்கொண்டு மூட மாட்டான்.

அயர்லாந்தில் நடந்தது அதுதான். அந்த நாட்டில் 1980-களில் காளான் தொழில் கிடுகிடுவென்று வளர்ந்தது. ஒரு மையத்தில் உரம் செய்து, பைகளில் அடைத்து, சுற்றியுள்ள சிறு விவசாயிகளிடம் கொடுத்து விளைவித்து வாங்கும் முறை அது. கிராமத்துக் குடும்பங்களுக்கு அது நிலையான வருமானம். விளைச்சலில் பெரும்பங்கு இங்கிலாந்துச் சந்தைக்குப் போனது. பீட் உள்நாட்டுச் சதுப்பில் கிடைத்தது. சுண்ணாம்பு உள்நாட்டுச் சர்க்கரை ஆலையில் கிடைத்தது. 1926-இல் திறந்த கார்லோ ஆலை 2005-இல் மூடப்பட்டது. கடைசியாக மிஞ்சிய மாலோ ஆலை 2006-இல் மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலை ஆதரவைக் குறைத்த காலம் அது. காளானுக்கும் அந்த முடிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அன்றோடு அயர்லாந்துக்குள் புதிய ஆலைச் சுண்ணாம்பு பிறப்பது நின்றது. கடல் தாண்டி வாங்கவோ கல்தூளுக்குத் திரும்பவோ வேண்டியதாயிற்று.

அது சின்ன அடி. சுண்ணாம்புக்கு மாற்று உண்டு. பெரிய அடி பீட்டில் விழுந்தது. சதுப்பு நிலம் காற்றில் இருக்கும் கரியைப் பிடித்து மண்ணுக்குள் வைத்திருக்கும் பெட்டகம். வடித்து வெட்டினால் அது வெளியே வரும். இந்தக் காரணத்தால் எதிர்ப்பு வலுத்து, 2019-இல் அயர்லாந்து உயர்நீதிமன்றம், பெரிய அளவில் பீட் வெட்டுவோருக்கு இருந்த திட்ட அனுமதி விலக்கை ரத்து செய்தது. அரசு நிறுவனமான போர்ட் ந மோனா 2021 ஜனவரியில் பீட் வெட்டுவதை நிரந்தரமாக நிறுத்துவதாக அறிவித்தது. அதே வருடம் செப்டம்பரில் லாட்வியா நாட்டிலிருந்து 3,600 டன் பீட் கப்பலில் வந்து இறங்கியது. சதுப்பு நிலத்துக்குப் பேர்போன நாடு பீட்டை இறக்குமதி செய்தது! சுற்றுச்சூழல்காரர்கள் சொன்னது சரிதான். ஆனால் லாட்வியாச் சதுப்பும் சதுப்புதானே என்று விவசாயிகள் கேட்ட கேள்வியையும் தள்ளிவிட முடியாது. செலவு ஏறியது சிறு பண்ணைகளின் தலையில்.

கீழே உரத்துக்குப் போகும் ஜிப்சத்துக்கும் இதே விதி. நிலக்கரி மின்நிலையப் புகையில் இருக்கும் கந்தகத்தைச் சுண்ணாம்புக்கல் குழம்பால் கழுவினால் ஜிப்சம் கிடைக்கும். பல நாடுகளில் மலிவான ஜிப்சம் என்றால் அதுதான். இங்கிலாந்தின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது. அந்த ஊற்றும் அங்கே வற்றிவிட்டது.

இடையில் அமெரிக்காவில் நடந்த ஒரு முயற்சியையும் சொல்லிவிட வேண்டும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீல்மன் குழு 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் கால்சியத்தை மண்ணில் கலக்காமல் தண்ணீரிலேயே கரைத்துத் தெளித்துப் பார்த்தது. பாசனத் தண்ணீரில் 0.3 சதவீதம் கால்சியம் குளோரைடு. காளான் கூடுதல் வெள்ளையாக இருந்தது, கடையில் பழுப்பேறுவது தள்ளிப்போனது. செல்லின் சவ்வு உறுதியாவதால் பழுப்பு நிறம் உண்டாக்கும் நொதி எளிதில் வெளியே கசிவதில்லை. மேல்பரப்பில் பாக்டீரியாவும் குறைகிறது. ஆனால் இது வெள்ளைக்கான மருந்துதான். புளிப்பை முறிக்கும் சுண்ணாம்புக்கு மாற்றில்லை. (கால்சியம் குளோரைடும் சால்வே முறையில் சோடா உப்பு செய்யும் ஆலைகளின் கழிவுப் பொருள் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.)

இப்போது பீட்டுக்கு மாற்று தேடுகிறார்கள். அறுவடை முடிந்த பழைய உரம், மரப்பட்டைத் தூள், தென்னை நார்க்கழிவு எல்லாம் சோதனையில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்புக் கணக்கு புதிதாகப் போட வேண்டும். நார்க்கழிவுக்குப் பீட் அளவு புளிப்பு இல்லை, பி.எச். ஆறு பக்கம் நிற்கும், எனவே சுண்ணாம்பு குறைவாகப் போதும். ஆனால் அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி எடுக்க வேண்டும், அந்தத் தண்ணீர்ச் செலவு ஏற்றுமதி செய்யும் ஊரின் கணக்கில் விழும். பழைய உரத்திலும் உப்புதான் பிரச்சினை. ஒன்றிரண்டு வருடம் வெட்டவெளியில் மழையில் நனைய விட்டுத்தான் சேர்க்கிறார்கள். பீட்டை முழுதாக விட்டுவிடாமல், பாதி பீட்டும் பாதி வேறு பொருளுமாகக் கலந்து, அந்தக் கலவையின் பி.எச்.சை அளந்து அளந்து சுண்ணாம்பைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுதான் பல இடங்களில் இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலை.